மயிரிழை அறுந்துவிடாமல்: தடிப்பும் மெலிவுமான சான்ஸ் செரிஃப் எழுத்துருவைக் கையாளும் வழி

வடிவமைப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒருவருக்கு விசிட்டிங் கார்டு செய்து கொடுத்தேன். கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் நூலாய் இளைக்கும் அழகான ஆங்கில எழுத்துரு. திரையில் 400 சதவீதம் பெரிதாக்கி வைத்து நானே ரசித்துக்கொண்டிருந்தேன். அச்சாகி வந்தபோது பெயர் மட்டும்தான் பிழைத்திருந்தது. அதன் கீழே 7 பாயிண்டில் வைத்த முகவரியில் ‘ஓ’ (O) எழுத்து மேலும் கீழும் அறுந்து, எதிரெதிரே நிற்கும் இரண்டு அடைப்புக்குறிகளாகிவிட்டது. சின்ன ‘ஈ’யின் (e) நடுக்கோடு காணாமல் போனதால் யார் படித்தாலும் அதை ‘சி’ (c) என்றுதான் படிப்பார்கள். அச்சகத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இந்த வகை எழுத்துருவில் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன: அந்த மெல்லிய கோட்டில். அதை மயிரிழை என்றே இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போகிறேன். எந்த அளவில் வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது, பக்கத்தில் எதை உட்கார வைப்பது என்று இனி வரும் ஒவ்வொரு முடிவும் அந்த மயிரிழை பிழைக்குமா என்ற கேள்வியில்தான் போய் நிற்கும்.

ஆளை அடையாளம் காண்பது

செரிஃப் என்பது எழுத்துக் கோட்டின் முனையில் இருக்கும் சின்னப் பாதம். அது இல்லாதது சான்ஸ் செரிஃப். இது எல்லோருக்கும் தெரியும். காண்ட்ராஸ்ட் என்ற சொல்தான் குழப்புகிறது. இங்கே அது நிற வேறுபாடு அல்ல. ஒரே எழுத்துக்குள் மிகத் தடித்த கோட்டுக்கும் மிக மெல்லிய கோட்டுக்கும் உள்ள விகிதம். ஹெல்வெட்டிகா, ஏரியல் போன்றவற்றில் கோடு கிட்டத்தட்ட ஒரே தடிப்பில் ஓடும். நாம் பேசும் வகையில் அந்த விகிதம் 5க்கு 1, 7க்கு 1 என்று போகும்.

இந்தத் தடிப்பும் மெலிவும் பேனாவிலிருந்து வந்தவை. நெகிழும் கூர்முனைப் பேனாவால் எழுதுகிறவர் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்துவார், முனை விரியும், கோடு பருக்கும். மேல்நோக்கிப் போகும்போதும் குறுக்கே போகும்போதும் கையை லேசாக்குவார், கோடு இளைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த டிடோ, பொடோனி ஆகிய செரிஃப் எழுத்துருக்கள் இந்தப் பழக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோயின. அவற்றின் பாதங்களை மட்டும் வெட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். அதுதான் கிட்டத்தட்ட நம் ஆள்.

சரி, எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும்? அதற்கு ஒரு மரபு உண்டு. கேபிடல் ‘ஏ’யில் இடது சாய்கோடு மெல்லியது, வலது தடித்தது. ‘வி’யில் நேர்மாறு: இடது தடிப்பு, வலது மெலிவு. ‘என்’ எழுத்தில் நிற்கும் இரண்டு கால்களும் மெல்லியவை, நடுவில் சரியும் கோடு மட்டும் தடித்தது. ‘எம்’மில் மெலிவு, தடிப்பு, மெலிவு, தடிப்பு என்று மாறி மாறி வரும். ‘ஓ’வில் இரண்டு விலாவும் தடித்து, உச்சியும் அடியும் இளைத்திருக்கும். அவசரத்தில் செய்த மலிவான எழுத்துருக்களில் ‘என்’னின் கால்கள் தடித்தும் சாய்கோடு இளைத்தும் தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் சொல்லத் தெரியாத வாசகருக்கும் அங்கே ஏதோ உறுத்தும்.

வரலாறு கொஞ்சம். சான்ஸ் செரிஃப் அச்சு எழுத்து முதன்முதலில் தலைகாட்டியது 1816இல், லண்டனில், எழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில். அது ஏறக்குறைய சமத் தடிப்பு கொண்டது. தடிப்பும் மெலிவும் சேர்ந்த சான்ஸ் செரிஃபுக்கு நல்ல எடுத்துக்காட்டு 1937இல் பாரீஸில் கஸாந்த்ர் வடிவமைத்து, டெபெர்னி எ பெஞோ வார்ப்பகம் வெளியிட்ட பெஞோ எழுத்துரு. இன்னொன்று ஹெர்மன் ஸாஃப் செய்த ஆப்டிமா. 1950இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் சாண்டா க்ரோசே தேவாலயத்தின் தரைக் கல்லறைகளில் இருந்த எழுத்துக்களைப் பார்த்தவர், கையில் வேறு தாள் இல்லாததால் ஆயிரம் லீரா நோட்டில் வரைந்துகொண்டார். எழுத்துரு வெளிவந்தது 1958இல். ஆப்டிமாவில் காண்ட்ராஸ்ட் மிதமானதுதான். கோடுகள் முனையை நோக்கி லேசாக விரியும், அவ்வளவுதான். வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரின் கறுப்புக் கல்லில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அந்த எழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மயிரிழை அளவுக்கு மெலியாததால்தான் கல்லில் அவ்வளவு சின்னதாக வெட்டியும் அது தாங்குகிறது.

எங்கே வைக்கலாம்

வாசனைத் திரவியம், அழகுப் பொருள், நகை, ஆடை போன்றவற்றின் லோகோவும் பெட்டியும், இதழின் அட்டைத் தலைப்பு, கட்டுரைத் தலைப்பு, அழைப்பிதழின் பெயர்கள், புகைப்படக் கலைஞரின் இணையதளத்தில் பெரிதாக நிற்கும் ஒற்றை வரி, புத்தகத்தில் அத்தியாய எண். சொற்கள் குறைவாகவும் இடம் தாராளமாகவும் இருக்கும் இடமெல்லாம் இதன் வீடு.

பத்தி வாசகத்துக்கு வேண்டாம். ஒவ்வொரு எழுத்திலும் கண் தடிப்பிலிருந்து மெலிவுக்குத் தாவ வேண்டியிருப்பதால் வரி முழுவதும் மினுமினுக்கும், நாலாவது வரியில் களைத்துவிடும். படிவம், செயலியின் பட்டன், அட்டவணை, அடிக்குறிப்பு, மருந்து லேபிள், வழிகாட்டிப் பலகை இவற்றுக்கும் வேண்டாம். தூரத்திலிருந்தோ அவசரத்திலோ படிக்க வேண்டிய எதுவும் இதற்கு ஏற்றதல்ல.

புதியவர்கள் தவறவிடும் ஒன்று: இந்த எழுத்து எதைச் சொன்னாலும் கொஞ்சம் மிடுக்காகத்தான் சொல்லும். குழந்தைகளின் பள்ளி விழாவுக்கோ, ஸ்பேனர் விற்கும் நிறுவனத்துக்கோ இதைப் போட்டால் வாடகைக் கோட்டு அணிந்த மாதிரி இருக்கும்.

முதல் படி: உங்கள் சொல்லை எழுதிப் பாருங்கள்

எழுத்துரு விற்கும் தளங்கள் அதன் பெயரையோ கவர்ச்சியான ஒரு வாசகத்தையோ போட்டுக் காட்டும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் அமைக்கப்போகும் சொல்லையே முன்னோட்டப் பெட்டியில் தட்டுங்கள். ‘ஏ’, ‘வி’, ‘ஓ’, ‘எஸ்’ நிறைந்த சொல் இந்த வகையில் நடனமாடும். ‘ஐ’, ‘எல்’, ‘டி’ (T), ‘ஹெச்’ போன்ற நேர்கோட்டு எழுத்துக்கள் மட்டுமே உள்ள சொல், வேலி மாதிரி நிற்கும். எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு அது உதவாது.

அப்புறம் எண்களைத் தட்டுங்கள். இலவச எழுத்துருக்கள் பல எண்களில் கோட்டைவிடும். அழைப்பிதழில் தேதி வரும், லோகோவில் ஆண்டு வரும், அந்த நேரத்தில் 7ம் 1ம் ஒன்றுபோல் இருந்தால் என்ன செய்வீர்கள்? நிறுத்தற்குறிகள், மேற்கோள் குறி, ‘அண்ட்’ (&) குறி இவற்றையும் பாருங்கள். இந்த வகையில் ‘அண்ட்’ குறி பெரும்பாலும் மிக அழகாக இருக்கும், இரண்டு பெயர்களுக்கு நடுவே அதைப் பெரிதாக வைத்தே ஒரு லோகோவை முடித்தவர்கள் உண்டு.

கைச்செலவில்லாமல் பழக விரும்பினால் கூகுள் ஃபாண்ட்ஸில் பெல்லேசா, ஃபெடெரோ, டெனர் சான்ஸ் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பெல்லேசா ஆடை உலகத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஃபெடெரோ, ஜேகப் எர்பர் 1909இல் வடிவமைத்த ஃபெடர் க்ரோடெஸ்க்கை ஒட்டியது, பேனாவின் தடம் தெரியும். டெனர் சான்ஸில் காண்ட்ராஸ்ட் அடக்கமானது, அதனால் மற்ற இரண்டையும்விடச் சின்ன அளவைத் தாங்கும். மூன்றிலும் ஒரே ஒரு வெயிட்தான் (லைட், போல்டு போன்ற தடிமன் வகை) இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உரிமத்தைப் பற்றி இரண்டே வரி. அந்த மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மற்ற தளங்களில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்’ என்ற வரி எங்காவது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும், காசு கொடுத்து வாங்கும்போதும் கணினி, இணையதளம், செயலி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமம் கேட்பார்கள்.

இரண்டாம் படி: மயிரிழையை அளந்து விடுங்கள்

எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று பலர் கண்ணால் ஊகிக்கிறார்கள். ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். இரண்டு நிமிட வேலை.

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் கேபிடல் ‘ஓ’வை 1000 பாயிண்டில் தட்டுங்கள். அதன் உச்சியில் கோடு மிக மெலிந்திருக்கும் இடத்தில், மேல் விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னச் செவ்வகம் வரையுங்கள். அதன் உயரம் எத்தனை பாயிண்ட் என்று பாருங்கள். 18 என்று வந்தால், மயிரிழை எழுத்தளவில் ஆயிரத்தில் 18 பங்கு. பக்கவாட்டில் தடித்த இடத்தையும் அதே மாதிரி அளந்தால் 126 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காண்ட்ராஸ்ட் 7க்கு 1.

இப்போது கணக்கு. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சிடும்போது 0.25 பாயிண்டுக்குக் குறைந்த கோட்டை நம்ப முடியாது என்பது அச்சுத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. 0.25ஐ 0.018ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14. ஆக அந்த எழுத்துருவை 14 பாயிண்டுக்குக் கீழே வைக்கவே கூடாது. அடர் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றிலும் உள்ள மை உள்நோக்கிப் பரவி மயிரிழையை அடைத்துவிடும். அதற்கு 0.5 பாயிண்ட் வேண்டும், எழுத்தளவு 28 பாயிண்ட். என் கார்டில் 7 பாயிண்டில் மயிரிழை எவ்வளவு இருந்திருக்கும்? 0.126 பாயிண்ட், மில்லிமீட்டரில் 0.04 சொச்சம். அதுவும் கருநீலத்தில் வெள்ளை. அறுந்ததில் என்ன ஆச்சரியம்!

திரைக்கும் இதே கணக்குத்தான். மயிரிழைக்குக் குறைந்தது ஒரு பிக்சலாவது கிடைக்க வேண்டும். 1ஐ 0.018ஆல் வகுத்தால் 56 பிக்சல். அதற்குக் கீழே போனால் கணினி அந்தக் கோட்டைக் கறுப்பாகக் காட்ட முடியாமல் சாம்பலாக மங்கவைத்துச் சமாளிக்கும். இப்போதைய கைபேசிகளில் ஒரு பிக்சல் இடத்தில் இரண்டு அல்லது மூன்று நிஜப் பிக்சல்கள் அடர்ந்திருப்பதால் 28 பிக்சல் வரை இறங்கலாம். ஆனால் பழைய மானிட்டரில் பார்ப்பவரும் இருக்கிறார் அல்லவா?

சில எழுத்துருக் குடும்பங்களில் ‘டிஸ்ப்ளே’, ‘டெக்ஸ்ட்’ என்று இரண்டு வெட்டு, அதாவது ஒரே எழுத்துருவின் இரண்டு வடிவம், கொடுத்திருப்பார்கள். டிஸ்ப்ளேயில் மயிரிழை மிக மெல்லியது, பெரிய அளவுக்கு. டெக்ஸ்டில் அதே எழுத்து, மயிரிழை மட்டும் கொஞ்சம் சதை பிடித்தது. சின்னத் தலைப்புக்கு இதை எடுங்கள். வேரியபிள் எழுத்துருவில் (ஒரே கோப்பிலேயே தடிப்பு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கக் கூடியது) ஆப்டிகல் சைஸ் என்ற அமைப்பு இருந்தால் அந்த வேலையைத் தானே செய்துவிடும்.

மூன்றாம் படி: இடைவெளி

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அழகான எழுத்துருவை எடுத்து, தட்டி, அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆனது.

கேபிடல் எழுத்துக்களில் சொல் அமைக்கும்போது டிராக்கிங்கை, அதாவது எல்லா எழுத்துக்களுக்கும் நடுவே ஒரே மாதிரி சேரும் இடைவெளியை, கூட்டுங்கள். கேபிடல்கள் வரிசையாக நிற்கவென்று செய்யப்பட்டவை அல்ல, ஒரு சொல்லின் தலையில் ஒன்றாக வந்து பின்னால் சின்ன எழுத்துக்களைத் தாங்கவே இடைவெளி கொடுக்கப்பட்டவை. 50இலிருந்து 100 வரை (எழுத்தளவில் ஆயிரத்தில் அத்தனை பங்கு) கூட்டிப் பாருங்கள். இணையத்தில் லெட்டர் ஸ்பேசிங் 0.05இலிருந்து 0.1 எம் வரை; ஒரு எம் என்பது எழுத்தளவு. மயிரிழைகளுக்கு நடுவே காற்று புகுந்ததும் சொல் மூச்சுவிடும். கேபிடல் அல்லாத சின்ன எழுத்தில் அமைத்தால் கூட்டாதீர்கள், மிகப் பெரிய அளவில் 10 குறைத்தால்கூட நல்லது. டிராக்கிங் கூட்டிய கேபிடல் வரியில் சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் ரொம்ப நாள் விழுந்துகொண்டிருந்தது. டிராக்கிங் ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் சேர்கிறது, கடைசி எழுத்துக்கும்தான். 60 பிக்சல் தலைப்பில் 0.2 எம் கொடுத்தால் கடைசி எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத 12 பிக்சல் காலியிடம் ஒட்டிக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் மென்பொருள் நடுவில் நிறுத்தும், சொல் 6 பிக்சல் இடதுபக்கம் நகர்ந்து நிற்கும். ‘நடுவில்தானே வைத்தேன், ஏன் கோணலாகத் தெரிகிறது?’ என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். கடைசி எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து டிராக்கிங்கைச் சுழியமாக்கினால் போதும். இணையத்தில் என்றால் இடப்பக்கம் அதே 12 பிக்சல் பேடிங் (உள் காலியிடம்) கொடுங்கள்.

அடுத்தது கெர்னிங், அதாவது இரண்டு குறிப்பிட்ட எழுத்துக்களுக்கு நடுவில் மட்டும் சரிசெய்வது. ‘ஏ’வும் ‘வி’யும், ‘எல்’லும் ‘டி’யும் (LT), ‘டி’யும் ‘ஓ’வும் (TO), ‘பி’யும் ‘ஏ’வும் (PA) அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓட்டை விழும். இந்த வகை எழுத்துருவில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு: இரண்டு தடித்த கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அங்கே கறுப்புத் திட்டு, இரண்டு மயிரிழைகள் அருகருகே வந்தால் அங்கே வெளிச்சம். எழுத்துக்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளந்து சமமாக்கினால் சரியாகாது. உள்ளே அடங்கும் வெள்ளையின் பரப்பு சமமாகத் தெரிய வேண்டும். மூன்று மூன்று எழுத்தாக, மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். நடு எழுத்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்பதாகத் தோன்றினால் ஓர் எழுத்து தள்ளி அடுத்த மூன்றுக்குப் போங்கள். முடித்ததும் முழுச் சொல்லையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் கண் வடிவத்தைப் பார்க்கும்.

தலைப்பு இரண்டு வரியானால் வரி இடைவெளி எழுத்தளவில் 1 முதல் 1.15 மடங்கு போதும்.

போல்டு பட்டனைத் தொடாதீர்கள்

ஒரே வெயிட்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த எழுத்துருவில் போல்டு பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்? பெரும்பாலான மென்பொருட்கள் இல்லை என்று சொல்வதில்லை. எழுத்தைச் சுற்றி ஒரு கோட்டைப் பூசிப் பொய்யாகத் தடிமனாக்கிக் காட்டும். மயிரிழை 18, தடித்த கோடு 126 என்று அளந்தோமே, அதில் இரண்டுக்கும் 20 பூசினால் 38, 146 ஆகும். 7க்கு 1 இருந்தது 4க்கு 1 கூட இல்லை. நீங்கள் எதற்காக இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தீர்களோ அது போயே போச்சு. மிச்சமிருப்பது வீங்கிய எழுத்து.

பக்கவாட்டில் இழுப்பதும் அப்படித்தான். 130 சதவீதம் இழுத்தால் ‘ஓ’வின் விலா 126இலிருந்து 164 ஆகும், உச்சியின் மயிரிழை அதே 18இல் நிற்கும். அமுக்கினால் ‘என்’னின் மெல்லிய கால்கள் இன்னும் இளைக்கும், உச்சிக் கோடு இளைக்காது, ஒரே எழுத்துக்குள் இரண்டு வகை மயிரிழை வந்துவிடும். இடம் பற்றவில்லை என்றால் அளவைக் குறையுங்கள் அல்லது ஒடுங்கிய வெட்டு உள்ள வேறு எழுத்துருவைத் தேடுங்கள். நிழல், ஒளிவட்டம், சுற்றுக்கோடு இவற்றையும் விட்டுவிடுங்கள். அழுத்தம் வேண்டுமா? பெரிதாக்குங்கள், சுற்றிலும் காலியிடம் விடுங்கள்.

துணைக்கு யார்

தலைப்புக்கு இது என்றால் வாசகத்துக்கு என்ன? அமைதியான ஆள் வேண்டும். கோட்டுத் தடிப்பு சமமாக ஓடும் சாதாரண சான்ஸ் செரிஃப் ஒன்று, அல்லது புத்தகங்களில் வரும் நிதானமான செரிஃப் ஒன்று. பக்கத்தில் பொடோனியையோ டிடோவையோ வைக்காதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எலும்புக்கூடு, ஒன்றுக்குப் பாதம் உண்டு, மற்றதற்கு இல்லை. பார்ப்பவருக்கு ஜோடியாகத் தெரியாது, ஏதோ எழுத்துரு மாறிவிட்டது போலத் தெரியும். கையெழுத்து வகைகளையும் நான் தவிர்ப்பேன், இரண்டு பேரும் பாடகர்கள், பக்கவாத்தியம் வாசிக்க ஆளில்லை.

தமிழோடு சேர்த்து வைக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம். ஓலையில் எழுத்தாணி கீறியபோதே நம் எழுத்தின் கோடு பெரும்பாலும் சமத் தடிப்பில்தான் ஓடியது, இன்றைய திரைத் தமிழ் எழுத்துருக்களும் பெரும்பாலும் அப்படியே. ஒரே பாயிண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ் கறுத்தும் பெருத்தும் தெரியும், ஆங்கிலம் நோஞ்சானாகத் தெரியும். பல வெயிட்கள் உள்ள கட்டமரன் அல்லது முக்தா மலர் மாதிரி ஒன்றை எடுத்து, அதன் லைட் வெட்டை, ஆங்கிலத்தைவிட ஓரிரு பாயிண்ட் குறைத்து வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டு வரியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரி. தடிப்பும் மெலிவும் தமிழிலும் கொஞ்சம் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழைப் பாருங்கள். ஆங்கிலக் கேபிடலுக்குக் கொடுத்த டிராக்கிங்கைத் தமிழுக்குக் கொடுக்கவே கூடாது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று சில மென்பொருட்கள் பிய்த்துப் போட்டுவிடும்.

நிறமும் பின்னணியும்

சாம்பல் எழுத்து நாகரிகமாக இருக்கும் என்று ஓர் எண்ணம் எல்லோருக்கும் வரும். தடித்த கோட்டில் அது நாகரிகம்தான், மயிரிழையில் மறைவு. பார்வை மங்கியவர்களும் படிக்க வசதியாக வகுத்த இணைய அணுகல் விதிகள் பெரிய எழுத்துக்கு 3க்கு 1 நிற வேறுபாடு போதும், சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்து என்பது 18 பாயிண்ட், அதாவது 24 பிக்சலும் அதற்கு மேலும். அந்தக் கணக்கு இரண்டு நிறங்களை மட்டும் ஒப்பிடுகிறது, கோட்டின் தடிப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த வகை எழுத்துக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 4.5க்குக் கீழே நான் போவதில்லை.

புகைப்படத்தின் மேல் வைப்பதென்றால் வானம், சுவர், மங்கலான பின்புலம் போன்ற வெறுமையான பகுதியைத் தேடுங்கள். இலைகள் மேலும் கூந்தல் மேலும் வைத்தால் எது மயிர், எது மயிரிழை என்று தெரியாது.

அச்சுக்கும் இணையத்துக்கும் அனுப்பும் முன்

அச்சில் முதல் விதி, எழுத்துக்கு ஒரே மை. நான்கு நிறக் கலவையில் கொடுத்தால் நிறத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளும் அந்த நூலின் மேல் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். 14 பாயிண்டில் நம் மயிரிழை மில்லிமீட்டரில் 0.09கூட இல்லை. ஒரு தகடு 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மயிரிழைக்கு வெளியே போய்விடும், எழுத்தோரம் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பிசிறடிக்கும். 40 சதவீதக் கறுப்பு என்று கொடுப்பதும் வேண்டாம், சாம்பலை அச்சு இயந்திரம் புள்ளிகளாகத்தான் அடிக்கிறது, மயிரிழை புள்ளிக்கோடாகிவிடும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் அந்த நிறத்திலேயே கலந்த தனி மை கேளுங்கள்.

பளபளப்பில்லாத, மை உறிஞ்சும் தாளில் கறுப்பு எழுத்து சற்றுத் தடிக்கும், வெள்ளை எழுத்து சற்று இளைக்கும். ஃபாயில் (மினுங்கும் மெல்லிய படலம்) ஒட்டுவதோ எம்பாஸிங்கோ (எழுத்தைப் புடைக்க வைப்பது) இருந்தால் எவ்வளவு மெல்லிய கோடு தாங்கும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே அச்சகத்தில் கேட்டுவிடுங்கள், அவரவர் இயந்திரத்தையும் அழுத்தும் அச்சுக்கட்டையையும் பொறுத்து மாறும். துணியில் எம்ப்ராய்டரி என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை ஊசி தைக்கத் திணறும், இந்த வகை எழுத்தை அங்கே மறந்துவிடலாம்.

கோப்பில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். மாற்றாத மூலக்கோப்பை உங்களிடம் பத்திரமாக வையுங்கள், பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று கடைசி நேரத்தில் நிச்சயம் யாராவது கூப்பிடுவார்கள். அனுப்பும் முன் உங்கள் வீட்டுப் பிரிண்டரிலாவது நூறு சதவீத அளவில் ஒரு பிரதி எடுத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் படியுங்கள். 400 சதவீதத்தில் திரையில் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

இணையதளத்தில் வோஃப் 2 (WOFF2) என்ற, இணையத்துக்கென்றே சுருக்கிய எழுத்துருக் கோப்பைப் பயன்படுத்துங்கள், தலைப்பில் வரும் எழுத்துக்களை மட்டும் வைத்துக் கோப்பைச் சுருக்கினால் சீக்கிரம் ஏறும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஃபாண்ட் சிந்தஸிஸ் என்ற பண்பை ‘நன்’ (none) என்று வைத்துவிட்டால் உலாவி தானாகப் பொய் போல்டு போடாது. தலைப்புக் குறிச்சொற்களுக்கு உலாவி இயல்பாகவே போல்டு கேட்கும் என்பதால் அவற்றின் வெயிட்டைச் சாதாரணத் தடிமனான 400 என்று நீங்களே எழுதிவிடுவதும் நல்லது. எழுத்துரு ஏறுவதற்குள் காட்டப்படும் மாற்று எழுத்துரு அகலத்தில் பெரிதும் வேறுபட்டால் பக்கம் ஒரு குதி குதிக்கும், ஏறக்குறைய அதே அகலமுள்ள ஒன்றை மாற்றாகக் கொடுங்கள்.

லோகோ செய்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். பலகை அளவில் நிற்கும் அதே வடிவம் கைபேசித் திரையின் மூலையிலும் பேனாவின் பக்கவாட்டிலும் நிற்க வேண்டிவரும். அதற்கு இரண்டாவது பிரதி ஒன்று செய்யுங்கள். எழுத்தை அவுட்லைனாக்கி, தடித்த கோடுகளைத் தொடாமல், மயிரிழைகளின் உள்விளிம்பை மட்டும் புள்ளி புள்ளியாக நகர்த்தி இரண்டு மடங்கு தடிமனாக்குங்கள். எழுத்துக்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். பெரிய அளவில் பார்த்தால் முரடாக இருக்கும், 20 மில்லிமீட்டர் அகலத்தில் பார்த்தால் மூலத்தைப் போலவே தெரியும். கோப்பின் பெயரில் ‘சிறியது’ என்று எழுதி, எந்த அகலத்துக்குக் கீழே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த விசிட்டிங் கார்டை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பெயரை அதே எழுத்துருவில் 28 பாயிண்டாக்கினேன், முகவரியைச் சமத் தடிப்புள்ள சான்ஸ் செரிஃபில் 8 பாயிண்டுக்கு மாற்றினேன். கருநீலத்தை அவர் விடுவதாக இல்லை.